ஐந்தாவது பெஞ்சின் அக்கா

ஐந்தாவது பெஞ்சு மட்டும் ஏன் இப்படி என்று பியூலா டீச்சருக்குப் பிடிபடவே இல்லை.

முப்பத்தாறு விடைத்தாள்களையும் ஆய்வகத்தின் நீள மேசையில் பெஞ்சு வாரியாகப் பரப்பி வைத்திருந்தாள். ஒன்பது பெஞ்சு, பெஞ்சுக்கு நான்கு பிள்ளைகள். இருபத்தைந்து மதிப்பெண்ணுக்கான அறிவியல் தேர்வு. ஏழு, பத்து, எட்டு, பதினொன்று என்று தரையை ஒட்டியே வந்த எண்கள், ஐந்தாவது பெஞ்சுக்கு வந்ததும் துள்ளி எழுந்தன: இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபது. அதைத் தாண்டினால் மறுபடியும் ஒன்பது, எட்டு.

அந்த நால்வர் ரிஸ்வானா, செண்பகா, ஜெனிலா, இசைவாணி. போன வருஷம் வரை வகுப்பின் நடுவில் எங்கோ காணாமல் போகிற கூட்டம். முதல் ரேங்க்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பவதாரிணி உட்கார்ந்திருப்பது இரண்டாவது பெஞ்சில். அவள் தாளில் பதினொன்று.

"காப்பி" என்றார் தலைமையாசிரியை கோமதி, எட்டிப் பார்த்துவிட்டு. "இதுல மண்டையை உடைக்க என்ன இருக்கு பியூலா? நாலு பேரும் ஒரே பெஞ்சு. நாலு பேருக்கும் இருபது."

"யாரைப் பாத்து எழுதியிருப்பாங்க மேடம்? வகுப்புலயே கூடுதல் மார்க்கு அவங்கதான்."

"துண்டுச்சீட்டு இல்லாமலா போகும்?" கோமதி குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள மார்க்கைப் பதிவேத்தணும். அதுக்குள்ள நீங்க காரணம் சொன்னா சரி. இல்லைன்னா நாலு பேர் மார்க்கையும் ரத்து பண்ணிட்டு, 'தேர்வில் முறைகேடு'ன்னு குறிப்பு போட்டுருவேன். நானும் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும்ல?"

அந்தக் குறிப்பு என்ன செய்யும் என்று பியூலாவுக்குத் தெரியும். மாணவியின் பதிவில் ஒருமுறை ஏறினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கூடவே நடந்து வரும். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் அங்கே முன்னால் போய் நிற்கும். பதினான்கு வயதுப் பிள்ளைகள் சுமக்கிற சுமையா அது?

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவளுக்கே சந்தேகம் இருந்தது. தாள்களைத் திருத்திய மறுநாள் காலையில்தான், வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ரிஸ்வானாவின் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறக்கச் சொல்லி உள்ளே இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டினாள். காம்பஸ், பாதி ரப்பர், ஒரு புளிப்பு மிட்டாய். வேறொன்றும் இல்லை. ரிஸ்வானா ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். அந்தச் சத்தம் பியூலாவின் காதிலேயே நின்றது.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தூத்துக்குடியின் அந்த மகளிர் பள்ளிக்கு ஜூன் மாதம் அக்கா வந்தாள். அக்கா ஆள் இல்லை. ஒவ்வொரு பெஞ்சின் மேசை நடுவிலும் ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து நிற்கிற வெள்ளைக் கம்பி. அதன் உச்சியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு தலை. தலையில் இரண்டு சின்ன விளக்குகள். அவற்றுக்கு நடுவே, சற்று மேலே, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. கம்பெனிக்காரர்கள் எண்ணும் எழுத்துமாக நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குரல் கல்லூரியில் படிக்கிற பெண்ணின் குரல் மாதிரி இருந்ததால், பிள்ளைகள் முதல் நாளே 'அக்கா' ஆக்கிவிட்டார்கள்.

அக்கா செய்கிற வேலையை நினைத்தால் பியூலாவுக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். பாடம் புரியாமல் போகிற நொடியை வாய் மறைத்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். புருவம் நெருங்கும். இமை கொட்டுவது குறையும். கண்மணி இம்மியளவு விரியும். அக்கா அதைப் பார்த்து, அந்தப் பிள்ளைக்கு எதிரே மேசையில் பதித்த சிறிய ஒலிப்பெட்டி வழியாக, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "வேகத்துக்கும் நேரத்துக்கும் நடுவுல குழம்புதா? வா, இப்படிப் பாரு" என்று எடுத்துக்கொடுப்பாள்.

இதற்கு முன்னால் இருபது வருஷம், "புரிஞ்சுதா?" என்று பியூலா கேட்டால், "புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே ராகம் போட்டிருக்கிறது. அந்த ராகத்துக்குள் ஒளிந்துகொண்டு, ஒரு சந்தேகமும் கேட்காமலே பள்ளியை முடித்துப் போன பிள்ளைகள் எத்தனை பேர்! அக்கா அந்த ராகத்தை நம்புவதில்லை. வாயே திறக்காத பிள்ளைகளும் இப்போது கேட்காமலே பதில் பெற்றார்கள். பாடம் முடியும்போது பியூலாவின் கைப்பலகைத் திரையில் ஒன்பது பெஞ்சும் பச்சையாக ஒளிரும். பச்சை என்றால் புரிந்துவிட்டது. "ஏழு மாதமாக எங்கள் வகுப்பில் சிவப்பே இல்லை" என்று அவள் எழுதிய அறிக்கையை வட்டாரக் கூட்டத்தில் வாசித்துக் கைதட்டினார்கள்.

பிறகு இந்தத் தேர்வு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, அக்காவை அணைத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு முன்பு நடத்திய பாடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி.

அன்றைக்குப் பார்த்த காட்சியை பியூலா யாரிடமும் சொல்லவில்லை. கேள்வித்தாளைக் கொடுத்ததும் வகுப்பு அப்படியே உறைந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகள் கேள்வியைப் படித்தார்கள், பழக்கத்தில் உள்ளங்கையை மேசையில் ஒலிப்பெட்டியின் மேல் வைத்தார்கள், காத்திருந்தார்கள். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி. பவதாரிணியின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "எனக்குத் தெரியும் மிஸ். ஆனா அக்கா ஆரம்பிச்சு வெச்சாத்தான் வரும்" என்றாள்.

ஐந்தாவது பெஞ்சு மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.

பியூலா நால்வரின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தாள். ஏழாவது கேள்வி இது: குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் எழும்புவதை மாடியிலிருந்து பார்க்கிறோம், இரண்டு நிமிடம் கழித்துத்தான் சத்தம் வருகிறது, ஏவுதளம் எவ்வளவு தூரம்? ஒலி விநாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் போகும்.

ரிஸ்வானா நூற்றிருபதை முந்நூற்று நாற்பதால் பெருக்கி, நாற்பது கிலோமீட்டரும் சொச்சமும் என்று எழுதியிருந்தாள். செண்பகா 'மூணு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்' என்று வைத்துக்கொண்டு ஒரே வரியில் முடித்திருந்தாள். ஜெனிலா ஒரு நிமிடத்துக்குக் கணக்குப் போட்டு இரட்டித்திருந்தாள். இசைவாணியின் தாளில் முதலில் 4080 கி.மீ. என்று இருந்தது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில், 'டெல்லியையும் தாண்டிடுதே, தப்பு' என்று எழுதி, மறுபடி போட்டுச் சரியாக வந்திருந்தாள்.

பார்த்து எழுதுகிறவள் டெல்லி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவாளா?

காப்பி இல்லை. அது நிச்சயம். பியூலாவுக்குள் ஏதோ குறுகுறுவென்று ஓட ஆரம்பித்தது. சரி, பிள்ளைகள் காரணமா, பெஞ்சு காரணமா? அறிவியல் டீச்சர் ஒருத்திக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

மறுநாளே ஐந்தாவது பெஞ்சு நால்வரையும் எட்டாவதுக்கு அனுப்பி, எட்டாவதில் இருந்தவர்களை ஐந்தாவதில் உட்காரவைத்தாள். புதிதாக ஒளிப் பாடம். மூன்று நாள் நடத்தினாள். திங்கட்கிழமை எதிர்பாராமல், அக்காவை அணைத்துவிட்டுப் பத்து கேள்வி கேட்டாள்.

ஐந்தாவதுக்கு வந்த புதுப் பிள்ளைகள், எப்போதும் கடைசியில் நிற்கிறவர்கள், ஆறும் ஏழும் வாங்கினார்கள். எட்டாவதுக்குப் போன பழைய நால்வரும் நான்கைத் தாண்டவில்லை.

பெஞ்சுதான்!

பியூலா அன்றைக்கு மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு தாவூதுக்குப் போன் போட்டாள். பதினொரு பள்ளிகளின் அக்காக்களைப் பழுது பார்க்கிற பையன் அவன். முப்பது வயது இருக்கும்.

"தம்பி, ஒரு அக்கா ஒழுங்கா வேலை செய்யுது. உடனே வந்து பாரு."

"ஒழுங்கா வேலை செஞ்சா நான் எதுக்கு டீச்சர்?"

"அதான் பிரச்சினையே. வா, சொல்லுதேன்."

செவ்வாய்க்கிழமை காலை விளையாட்டு வகுப்புக்குப் பிள்ளைகள் போன நேரத்தில் தாவூத் வந்தான். தன் கைப்பலகையை ஐந்தாவது அக்காவோடு இணைத்து, ஏழு மாதக் குறிப்புகளையும் உருட்டினான். எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். சொன்ன குறிப்புகள் சரி. ஒருத்திக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருத்திக்குச் சொல்லவில்லை. பழுது எதுவும் இல்லை. திடீரென்று விரலை நிறுத்தினான்.

"இது என்ன கூத்து? மத்த எட்டு பெஞ்சுலயும் பிள்ளைக்குக் குழப்பம் வந்து மூணாவது விநாடில அக்கா பேசிருது. இங்க நாப்பது விநாடி."

"நாப்பதா? உங்க மாச அறிக்கைல அது ஏன் வரல?"

"அறிக்கைல சரியாச் சொல்லுச்சா, தப்பாச் சொல்லுச்சா, அம்புட்டுதான் இருக்கும். எப்ப சொல்லுச்சுன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கலையே."

"ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது?"

தாவூத் தலையைச் சொறிந்தான். "அக்காவுக்கு ஒரு விதி இருக்கு டீச்சர். நல்லா உறுதியானாத்தான் வாயைத் திறக்கணும். இல்லைன்னா பிள்ளை தும்முனாக்கூடப் பாடம் எடுக்க ஆரம்பிச்சிரும். முகம் பளிச்சுன்னு தெரிஞ்சா மூணு விநாடில உறுதியாயிரும். மங்கலாத் தெரிஞ்சா திரும்பத் திரும்பப் பாத்து, பாத்ததையெல்லாம் கூட்டி வெச்சுத்தான் முடிவுக்கு வரும். நாம இருட்டுல ஆளை அடையாளம் பாக்குறோம்ல, அதே கதைதான்."

"அப்ப படம் மங்கலா இருக்கா?"

"கொஞ்சம் மங்கல்தான். ஆனா கறை, புள்ளி எதுவுமே தெரியல. நாலு சீட்டும் முழுசாத் தெரியுது." பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தான். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் இரண்டு சொட்டு மருந்தை விட்டு அழுத்தித் துடைத்தான். பெஞ்சில் உட்கார்ந்து, வேண்டுமென்றே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கரும்பலகையில் இருந்த கணக்கை முறைத்தான். மூன்றே விநாடி. "எந்த இடத்துல நிக்கிற?" என்றாள் அக்கா.

"முடிஞ்சு போச்சு டீச்சர்! வெறும் தூசி. இனிமே மத்த அக்கா மாதிரியே பேசும்."

கையில் இருந்த ஒரே சாட்சியை இவன் துடைத்து எறிந்துவிட்டானே! பியூலா எட்டி அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள். ஜன்னல் பக்கம் போய் விரித்துப் பார்த்தாள்.

"தாவூத், உங்க வீட்டுல பொம்பளப் பிள்ளைங்க எத்தனை?"

"யாருமில்ல. நாங்க மூணும் அண்ணன் தம்பிதான். ஏன் டீச்சர்?"

"அதான் உனக்குத் தூசியாத் தெரியுது." துணியின் நடுவில் கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பித் திருப்பினாள். பின்பக்கம் பிசுபிசுத்தது. "இது ஸ்டிக்கர் பொட்டு."

பழைய ஐந்தாவது பெஞ்சு நால்வரையும் மைதானத்திலிருந்து கூட்டிவரச் சொன்னாள். வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்கள், துணியைப் பார்த்ததும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள்.

"யாரு வெச்சது?"

"ஏட்டி, சொல்லு" என்று ஜெனிலா செண்பகாவின் இடுப்பில் கிள்ளினாள்.

"நான்தான் மிஸ்" என்றாள் செண்பகா. "திருஷ்டிக்கு."

"யாருக்குத் திருஷ்டி?"

"அக்காவுக்கு. வந்த புதுசுல பத்தாம் வகுப்பு, பதினொன்னாம் வகுப்புன்னு எல்லாரும் வந்து வந்து அதையே பாத்தாங்க மிஸ். ஆறாவது பெஞ்சு அக்கா ரெண்டே நாள்ல கெட்டுப் போச்சு. எங்க அக்காவுக்கும் கண்ணு பட்டுரும்னுதான் கறுப்புப் பொட்டா வெச்சோம்."

"கோந்து காஞ்சு விழுந்தா மாத்திருவோம்" என்றாள் இசைவாணி. "வேற எங்கயும் வெக்கல மிஸ். சரியா நெத்தியில, ரெண்டு கண்ணுக்கும் நடுவுலதான் வெச்சோம்."

பியூலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடப் பிள்ளைகளா! அது ரெண்டும் கண்ணு இல்ல. வெறும் விளக்கு. நெத்தின்னு நினைச்சீங்களே, அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் அக்காவோட கண்ணு."

"அல்லா! கண்ணுலயா ஒட்டுனோம்?" ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டாள். "அதான் பாவம் எங்க அக்கா மட்டும் லேட்டா வர்றா."

"லேட்டா வர்றான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மிஸ். அதை வெச்சுத்தான் பந்தயமே."

"என்ன பந்தயம்?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ரிஸ்வானாவே சொன்னாள். "புரியலைன்னா உடனே அக்கா வர மாட்டா. சும்மா உக்காந்திருக்கணும். அதனால, அக்கா என்ன சொல்லப் போறான்னு ஆளுக்கு ஒன்னு ஊகிச்சு நோட்டுல எழுதி மூடி வெச்சிருவோம். அக்கா வந்து சொன்னதும் திறந்து பாப்போம். தோத்தவ நாலு பேர் தண்ணி பாட்டிலையும் நிரப்பிட்டு வரணும்."

"எப்பவும் நான்தான் நிரப்புதேன்" என்றாள் ஜெனிலா வெடுக்கென்று.

"எட்டாவது பெஞ்சுல பந்தயமே வெக்க முடியல மிஸ்" என்றாள் செண்பகா. "பென்சிலை எடுக்குறதுக்குள்ள அந்த அக்கா சொல்லிருது. காதுல வாங்குறோம், சரின்னு தலையாட்டுறோம், அம்புட்டுதான்."

பியூலா மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லாத் துண்டுகளும் ஒன்றன் பின் ஒன்றாகப் பொருந்தின. அந்த நாற்பது விநாடியில் இந்தப் பிள்ளைகள் தட்டுத்தடுமாறி யோசித்திருக்கிறார்கள். தப்பாகவே ஊகித்திருந்தாலும், சரியான விடை வரும்போது அது போய் உட்கார மனதில் ஓர் இடம் காலியாக இருந்திருக்கிறது. மற்ற பெஞ்சுகளில் இடம் காலியாவதற்குள் விடை வந்து, நிற்க இடமில்லாமல் போய்விட்டது. பாடம் முடிகிற நேரத்தில் பார்த்தால் இரண்டும் பச்சைதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

"ரிஸ்வானா" என்றாள். "உன் பாக்ஸை எல்லார் முன்னாடியும் கொட்டுனேன். தப்பு என் மேலதான். இந்த வாரத்துக்குள்ள எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லுவேன்."

ரிஸ்வானா காலால் தரையைத் தேய்த்தாள். "மிட்டாயைப் பாத்ததைச் சொல்லாதீங்க மிஸ்" என்றாள்.

கோமதி மேடத்திடம் சொல்வது அவ்வளவு லேசாக இல்லை. வியாழக்கிழமை மாலை, பள்ளி விட்ட பிறகு, அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பொட்டு வெச்சதால மார்க்கு வந்துச்சுன்னு நான் மேலிடத்துக்கு எழுதணுமா? சிரிப்பாங்க. அப்படியே நீங்க சொல்றது நிஜமா இருந்தா, இந்த மெஷினாலதான் மத்த பிள்ளைங்க கெட்டுப் போச்சுன்னு ஆகுது. எல்லாத்தையும் கழட்டிப் பெட்டியில போட்ருவோம்."

"வேண்டாம் மேடம்! கழட்டினா பழைய ராகம்தான் திரும்ப வரும். அஞ்சாவது பெஞ்சுப் பிள்ளைங்களுக்கும் கடைசில அக்கா வந்து சொல்லித்தானே ஆச்சு? அவங்க ஊகிச்சது சரியா தப்பான்னு அந்த நிமிஷமே சொல்ல முப்பத்தாறு பேருக்கு நான் ஒருத்தி போதுமா?" பியூலா எழுந்தாள். "நீங்க வரலாறு டீச்சர்தானே? ஒரு பத்து நிமிஷம் என் வகுப்புல மாணவியா உக்காருங்க."

கோமதி சிரித்துக்கொண்டே வந்தார். முதலில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். "ஊசித்துளை கேமராவுல படம் ஏன் தலைகீழா விழுது?" என்று கேட்டாள் பியூலா. கோமதியின் புருவம் சுருங்கியதுதான் தாமதம், "மேலேயிருந்து வர்ற ஒளி துளை வழியா நேர்கோட்டுல கீழே இறங்கும், கீழேயிருந்து வர்றது மேலே ஏறும்" என்று அக்கா தெளிவாகச் சொன்னாள். "ஆமா, சரிதான்" என்று தலையாட்டினார் கோமதி. கைப்பலகையில் பச்சை.

அடுத்து ஐந்தாவது பெஞ்சு. செண்பகாவிடம் வாங்கிவந்த பொட்டை அக்காவின் கண்ணாடியில் பியூலா மறுபடியும் ஒட்டி வைத்திருந்தாள்.

"ஒரு பூதக்கண்ணாடி வழியா எதிர்ச் சுவத்துல ஜன்னலோட படம் விழுது மேடம். அந்தக் கண்ணாடியில பாதியை நான் அட்டையால மறைச்சுட்டா, படம் என்ன ஆகும்?"

அக்கா பேசவில்லை. கோமதி அவளைப் பார்த்தார். ஐந்து விநாடி. பத்து. "என்ன, தூங்கிருச்சா?" என்றார். பதினைந்து. வேறு வழியில்லாமல் யோசிக்க ஆரம்பித்தார். விரலால் காற்றில் ஜன்னலை வரைந்தார், பாதியை அழித்தார். "பாதி ஜன்னல்தான் தெரியும். வேற என்ன?" முப்பது. "இல்ல... பாதிதானே?" நாற்பதாவது விநாடியில் அக்கா வாய் திறந்தாள். "முழு ஜன்னலும் தெரியும். வெளிச்சம் மட்டும் குறையும்."

"என்னது? அதெப்படி?" கோமதி எழுந்தே விட்டார். "பாதிக் கண்ணாடியை மறைச்சிருக்கு!"

பியூலா பூதக்கண்ணாடியை எடுத்து மேற்கு ஜன்னலுக்கு எதிரே பிடித்தாள். சுவரில் சின்னதாக, தலைகீழாக, ஜன்னலும் அதற்கு அப்பால் வேப்பமரமும் விழுந்தன. அட்டையால் பாதியை மறைத்தாள். மரம் முழுசாகவே நின்றது. மங்கியது, அவ்வளவுதான். "ஜன்னலோட ஒவ்வொரு புள்ளியில இருந்தும் வெளிச்சம் கண்ணாடி முழுக்க வந்து விழுது மேடம். பாதியை மறைச்சாலும் மீதிப் பாதி எல்லாப் புள்ளியையும் கொண்டு வந்துரும். அதனாலதான் பொட்டு வெச்சும் தாவூதோட படத்துல புள்ளி தெரியல. மங்கல் மட்டும் தெரிஞ்சுது."

கோமதி அட்டையைத் தானே வாங்கி மூன்று முறை மறைத்து மறைத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் பியூலா அவர் அறைக்குப் போனாள். "நேத்து ரெண்டு கேள்வி கேட்டேன் மேடம். முதல் கேள்விக்கு விடை?"

"அது... ஊசித்துளை. ஒளி ஏதோ... நேர்கோட்டுல..." கோமதி மேசையைத் தட்டினார். "ரொம்பத் தெளிவாச் சொல்லுச்சே. தலையாட்டினேனே."

"ரெண்டாவது?"

"முழு ஜன்னலும் தெரியும், வெளிச்சம்தான் குறையும். வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். அவரும் பாதின்னுதான் சொன்னார். அவரை..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, நால்வரின் மதிப்பெண்களையும் ஒவ்வொன்றாகப் பதிவேற்றினார். குறிப்பு எழுதுகிற கட்டத்தில் எதையும் எழுதவில்லை.

"கம்பெனிக்காரன்கிட்ட நேரத்தை மாத்தச் சொல்லலாம்ல?"

"தாவூதைக் கேட்டேன். அமைப்புல அப்படி ஒரு இடமே இல்லையாம். எழுதிப் போட்டிருக்கான். அவங்க கூட்டம் போட்டு முடிவு பண்றதுக்குள்ள நம்ம பிள்ளைங்க காலேஜுக்குப் போயிரும்ங்கிறான்."

கோமதி கைப்பையைத் திறந்தார். சாவிக்கும் தைல டப்பாவுக்கும் அடியில் துழாவி ஓர் அட்டையை எடுத்தார். வரிசை வரிசையாகக் கறுப்புப் பொட்டு.

"நீங்க பொட்டு வெக்கிற ஆள் இல்ல. உங்ககிட்ட எங்க இருக்கப் போகுது? ஒன்பதும் எடுத்துக்கோங்க."

"எட்டு போதும் மேடம். ஒன்னு ஏற்கெனவே இருக்கு."

அன்று இரண்டாவது பாடவேளை. முதல் வேலையாக, ஜியோமெட்ரி பாக்ஸ் விஷயத்தை எல்லாரும் கேட்கச் சொல்லி முடித்தாள் பியூலா. மிட்டாயைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு கரும்பலகையில் புதுக் கேள்வியை எழுதினாள். இரண்டாவது பெஞ்சில் பவதாரிணி படித்தாள், உள்ளங்கையை ஒலிப்பெட்டியின் மேல் வைத்தாள், காத்திருந்தாள். மூன்று விநாடி போனது. பத்து போனது. அக்காவைத் தட்டிப் பார்த்தாள். திரும்பி ஐந்தாவது பெஞ்சைப் பார்த்தாள். அங்கே பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்த நால்வரும் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறாவது விநாடியில் பவதாரிணி கையை எடுத்தாள். பென்சிலைப் பிடித்தாள். எதையோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

பியூலா கைப்பலகையில் பராமரிப்புக் குறிப்பைத் திறந்து, பின்னால் வருகிற டீச்சருக்கும் புரியும்படி பதிவு செய்தாள்:

'ஒன்பது பெஞ்சு அக்காக்களுக்கும் கறுப்புக் கண்ணாடியின் நடுவில் கடுகு அளவுக் கறுப்புப் பொட்டு ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. இதனால் அக்கா நாற்பது விநாடி பொறுத்துப் பேசும். துடைக்க வேண்டாம். கோந்து காய்ந்தால் புதிது ஒட்டவும்.'